விதிக்குள் அடங்கிய சமவாய்ப்பு: சாலமன் கோலம்பின் ‘ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சீக்வன்சஸ்’ நூலும் முதனிலைப் பல்லுறுப்புக் கோவைகளும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

முதனிலைப் பல்லுறுப்புக் கோவைகளின் பயன்பாட்டைப் பொறியியல் உலகிற்கு எடுத்துச் சென்ற நூல்களுள் சாலமன் கோலம்ப் 1967இல் வெளியிட்ட ‘ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சீக்வன்சஸ்’ முதன்மையானது. நகர்வுப் பதிவகம் என்னும் எளிய மின்னணு அமைப்பிலிருந்து நெடுநீளத் தொடர்வரிசைகள் பிறப்பதையும், அவற்றின் இயல்புகள் முடிவுறு களங்களின் இயற்கணிதத்தால் விளக்கம் பெறுவதையும் அந்நூல் நிறுவுகிறது. அத்தொடர்வரிசைகளை மதிப்பிட அது முன்வைக்கும் மூன்று சமவாய்ப்பு எடுகோள்கள் சமவாய்ப்பின் வரையறை அல்ல, முதனிலைக் கோவை தரும் தொடர்வரிசையின் வருணனையே என இக்கட்டுரை வாதிடுகிறது. அத்தொடர்வரிசையின் சிறப்புக்கும் பலவீனத்துக்கும் வேர் ஒன்றே என்பதும், நூலின் நேரியலற்ற பகுதி பெற வேண்டிய கவனத்தைப் பெறவில்லை என்பதும் சான்றுகளுடன் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: முதனிலைக் கோவை, பகாக் கோவை, முடிவுறு களம், நகர்வுப் பதிவகம், சமவாய்ப்பு, தன்னொட்டுறவு, நேரியல் சிக்கல்தன்மை.

முன்னுரை

கணிதநூல் ஒன்றைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது தமிழாய்வுச் சூழலில் அரிதாகவே நிகழ்கிறது. தேற்றம் சரியா தவறா என்பதோடு கணிதநூலின் மதிப்பீடு முடிந்துவிடுகிறது என்னும் எண்ணமே அதற்குக் காரணம் எனலாம். ஆனால் ஒரு கணிதநூல் தேற்றங்களை மட்டும் தருவதில்லை. எதை முதலில் வைக்கிறது, எதற்கு என்ன பெயர் சூட்டுகிறது, எந்தப் பண்பை இலக்காகக் காட்டுகிறது என்னும் தேர்வுகளின் வழியாக அது வாசகரின் சிந்தனையை நெறிப்படுத்துகிறது. தேற்றங்கள் அனைத்தும் பிழையற்றவையாக இருக்கும்போதும் அந்நெறிப்படுத்தல் பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லக்கூடும். கோலம்பின் நூல் இதற்குத் தக்க சான்றாகும்.

இக்கட்டுரையில் மாறி ‘ய’ என்னும் எழுத்தாலும் கோவையின் படி ‘ந’ என்னும் எழுத்தாலும் குறிக்கப்பெறுகின்றன. கெழுக்கள் யாவும் 0, 1 என்னும் இரண்டு உறுப்புகளை மட்டுமே கொண்ட களத்தைச் சேர்ந்தவை. அக்களத்தில் 1+1=0 ஆகும்.

நூலும் அதன் பின்புலமும்

சாலமன் கோலம்ப் (1932–2016) அமெரிக்கக் கணிதவியலாளர். எண்கோட்பாட்டில் பயிற்சி பெற்ற அவர் 1950களில் மார்ட்டின் நிறுவனத்திலும் அதன்பின் ஜெட் உந்துகை ஆய்வகத்திலும் பணியாற்றினார். 1963 முதல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். சமவாய்ப்பு இயல்புகள் கொண்ட தொடர்வரிசைகள் குறித்து 1955இல் அவர் எழுதிய தொழில்நுட்ப அறிக்கையும், ஜெட் உந்துகை ஆய்வகத்தில் எழுதப்பட்ட பிற அறிக்கைகளும் திருத்தப்பெற்று 1967இல் ஹோல்டன்-டே பதிப்பகத்தின் வழி நூலுருப் பெற்றன. லாய்டு வெல்ச், ரிச்சர்டு கோல்டுஸ்டைன், ஆல்ஃபிரட் ஹேல்ஸ் ஆகியோர் சில பகுதிகளின் இணையாசிரியர்கள். 1982இல் திருந்திய பதிப்பும், ஆசிரியரின் மறைவுக்குப் பின் 2017இல் மூன்றாம் பதிப்பும் வெளிவந்தன.

நூல் மூன்று பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி பொதுப்பார்வையைத் தருகிறது. இரண்டாம் பகுதி நேரியல் கோட்பாட்டையும் மூன்றாம் பகுதி நேரியலற்ற கோட்பாட்டையும் விரித்துரைக்கின்றன. தனித்தனி அறிக்கைகளாகப் பிறந்தமையால் இயல்களுக்கிடையே கூறியது கூறல் காணப்படுகிறது. எனினும் ஒவ்வோர் இயலும் தன்னளவில் முழுமையுடையதாக அமைந்துள்ளது. நூலின் பயன்பாட்டு வரலாற்றில் இரண்டாம் பகுதியே பெரிதும் எடுத்தாளப்பட்டுள்ளது என்பது பின்வரும் வாதத்திற்கு இன்றியமையாத செய்தியாகும்.

‘முதனிலை’ என்னும் சொல்

இயற்கணிதத்தில் ‘பிரிமிட்டிவ்’ என்னும் அடைமொழி இரு வேறு பொருள்களில் வழங்குகிறது. முழுவெண் கெழுக்களைக் கொண்ட கோவையொன்றின் கெழுக்கள் அனைத்திற்கும் 1ஐத் தவிரப் பொதுவகுத்தி இல்லையெனில் அதனை அவ்வடைமொழியால் குறிப்பர். 6ய²+10ய+15 அத்தகையது. இதில் எந்த இரு கெழுக்களை எடுத்தாலும் அவற்றுக்குப் பொதுக்காரணி உண்டு. மூன்றுக்கும் சேர்த்து இல்லை. அத்தகைய இரு கோவைகளின் பெருக்கலும் அத்தகையதே என்னும் துணைத்தேற்றம் காஸின் பெயரால் வழங்குகிறது.

இரண்டாம் பொருள் முற்றிலும் வேறானது. முடிவுறு களத்தின் மீது அமைந்த பகாக் கோவையொன்றின் மூலம், விரிவாக்கப்பட்ட களத்தின் சுழியற்ற உறுப்புகள் அனைத்தையும் தன் அடுக்குகளாலேயே பிறப்பிக்குமாயின் அக்கோவையும் இதே அடைமொழியைப் பெறுகிறது. களத்தின் மீது முதற்பொருள் பயனற்றுப் போகிறது. அங்குச் சுழியற்ற ஒவ்வொரு கெழுவுக்கும் தலைகீழி உண்டாகையால், சுழியற்ற எல்லாக் கோவைகளும் காஸின் பொருளில் அப்பண்பைப் பெற்றுவிடுகின்றன. ஆகவே இரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லால் பெயர்ப்பது மாணவரைக் குழப்பும். முதற்பொருளுக்குப் ‘பொதுக்காரணியற்ற கோவை’ என்னும் விளக்கப்பெயரே போதும். இரண்டாம் பொருளுக்கு ‘முதனிலைக் கோவை’ என்னும் சொல் இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. தமிழிலக்கணத்தில் வினையின் பகுதி முதனிலை எனப்படும். அப்பகுதியிலிருந்து வினைவடிவங்கள் விரிவதுபோல ஒரு மூலத்திலிருந்து களத்தின் உறுப்புகள் விரிகின்றன என்னும் ஒப்புமை இச்சொல்லாட்சிக்கு இடமளிக்கிறது.

பகாமையும் முதனிலைமையும் ஒன்றல்ல என்பதற்கு நான்காம்படிக் கோவைகள் எளிய சான்றாகும். இரண்டு உறுப்புக் களத்தின் மீது நான்காம்படிப் பகாக் கோவைகள் மூன்று. அவற்றுள் ய⁴+ய+1, ய⁴+ய³+1 ஆகிய இரண்டும் முதனிலைக் கோவைகள். அவற்றில் ‘ய’யின் அடுக்குகள் 15 உறுப்புகளையும் தொட்டபின்னரே 1க்குத் திரும்புகின்றன. மூன்றாவதாகிய ய⁴+ய³+ய²+ய+1 பகாக் கோவையே; ஆயினும் அதில் ய⁵=1 ஆகிவிடுவதால் சுழற்சி ஐந்தோடு முடிந்துவிடுகிறது.

பதிவகத்திலிருந்து கோவைக்கு

நகர்வுப் பதிவகம் என்பது வரிசையாக அமைந்த சில நினைவறைகளின் தொகுதி. ஒவ்வோர் அறையும் 0 அல்லது 1ஐத் தாங்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இலக்கங்கள் ஓர் இடம் நகர்கின்றன. கடைசி இலக்கம் வெளியேறுகிறது. குறிப்பிட்ட சில அறைகளின் கூட்டுத்தொகை காலியான முதல் அறையில் நுழைகிறது. எந்த அறைகள் கூட்டப்படுகின்றன என்பதைக் கோவையொன்று குறித்துக் காட்டுகிறது. அக்கோவை முதனிலைக் கோவையாயின், சுழி நிலையைத் தவிர மற்ற எல்லா நிலைகளையும் பதிவகம் ஒருமுறை கடந்த பின்னரே தொடங்கிய நிலைக்குத் திரும்புகிறது. மூன்று அறைகளில் 7, பத்து அறைகளில் 1023, முப்பத்தொன்றில் 2147483647 எனச் சுழற்சியின் நீளம் பெருகுகிறது.

ய³+ய²+1 என்னும் கோவையை எடுத்துக்கொள்ளலாம். இதன்படி, ஒவ்வொரு புதிய இலக்கமும் அதற்கு உடனடி முந்திய இலக்கத்தையும் மூன்றிடம் முந்திய இலக்கத்தையும் கூட்டுவதால் கிடைக்கிறது. 0, 1, 1 எனத் தொடங்கினால் 0111010 என்னும் ஏழிலக்கத் தொடர்வரிசை மீண்டும் மீண்டும் வருகிறது. இதன் உள்ளமைப்பை யாப்பிலக்கண வாய்பாடுகளால் எளிதில் விளக்கலாம். 0ஐ நேரசையாகவும் 1ஐ நிரையசையாகவும் கொண்டு, அடுத்தடுத்த மும்மூன்று அசைகளைச் சுழற்சியாகப் படித்தால் கூவிளங்கனி, கருவிளங்கனி, கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்காய், புளிமாங்காய், தேமாங்கனி என ஏழு மூவசைச் சீர்கள் ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் அமைகின்றன. நேரசை மூன்று தொடரும் தேமாங்காய் ஒன்றே விடுபடுகிறது. அதுவே பதிவகத்தின் சுழிநிலை. அந்நிலையில் தொடங்கும் பதிவகம் சுழியையே ஈன்றுகொண்டிருக்கும் என்பதால் அது மற்ற ஏழோடு சேர்வதில்லை. யாப்பிலக்கணத்தார் இக்கோட்பாட்டை அறிந்திருந்தனர் என்பது இதன் கருத்தன்று. தமிழாசிரியர் நன்கறிந்த எட்டு வாய்பாடுகள் இங்கு விளக்கக் கருவியாக மட்டுமே பயன்படுகின்றன.

பொறியாளர் கண்ட சுற்றையும் இயற்கணிதவியலார் கண்ட களத்தையும் ஒன்றாக்கிக் காட்டியதே கோலம்பின் முதற்சாதனை. குறிப்பிட்ட படியில் எத்தனை முதனிலைக் கோவைகள் உள்ளன என்னும் வினாவுக்கு எண்கோட்பாடு துல்லியமாக விடையளிக்கிறது. 2இன் ந-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து, அவ்வெண்ணுடன் பொதுக்காரணி இல்லாத சிறிய எண்களை எண்ணி, ந-ஆல் வகுத்தால் விடை கிட்டும். ஐந்தாம் படியில் 6, எட்டாம் படியில் 16, பத்தாம் படியில் 60 என அவை அமைகின்றன. எட்டாம் படியில் பகாக் கோவைகள் 30 என்பதால் அவற்றுள் 14 முதனிலை அல்லாதவை.

மூன்று எடுகோள்கள்: வரையறையா, வருணனையா?

நூலில் மிகுதியாக எடுத்தாளப்படுவது மூன்று சமவாய்ப்பு எடுகோள்களே. முதலாவது சமநிலை: ஒரு சுழற்சியில் 0களின் எண்ணிக்கையும் 1களின் எண்ணிக்கையும் ஒன்றுக்கு மேல் வேறுபடக்கூடாது. இரண்டாவது ஓட்டங்களின் பரவல்: ஒரே இலக்கம் தொடர்ந்து வரும் ஓட்டங்களுள் பாதி ஒற்றை நீளமும், கால்பகுதி இரட்டை நீளமும், அரைக்கால்பகுதி மூன்று நீளமும் கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது தன்னொட்டுறவு: தொடர்வரிசையைத் தன்னுடைய நகர்த்தப்பட்ட வடிவத்தோடு ஒப்பிடும்போது, எத்தனை இடம் நகர்த்தினும் பொருத்தத்தின் அளவு ஒரே மதிப்பாக இருக்க வேண்டும்.

மேற்கண்ட ஏழிலக்கத் தொடர்வரிசை மூன்றையும் நிறைவு செய்கிறது. 1 நான்கு முறையும் 0 மூன்று முறையும் வருகின்றன. சுழற்சியில் நான்கு ஓட்டங்கள் உள்ளன; இரண்டு ஒற்றை நீளத்தவை, ஒன்று இரட்டை, ஒன்று மும்மை. எந்த நகர்விலும் பொருந்தும் இடங்கள் 3, பொருந்தாதவை 4. பத்தாம்படி முதனிலைக் கோவையிலும் இதே ஒழுங்கு நிலவுகிறது. 1023 இலக்கங்களுள் 512 ஒன்றுகள், 511 சுழிகள். 512 ஓட்டங்களுள் 256 ஒற்றை நீளத்தவை.

இங்குத்தான் திறனாய்வுக்குரிய முதல் வினா எழுகிறது. நாணயத்தை 1023 முறை சுண்டினால் இத்துணைத் துல்லியம் கிட்டுமா? கிட்டாது. உண்மையான சமவாய்ப்பில் 1களின் எண்ணிக்கை சராசரியிலிருந்து ஏறத்தாழ 16 அளவுக்கு விலகுவது இயல்பு. ஓட்டங்களின் எண்ணிக்கையும் அவ்வாறே தடுமாறும். எல்லாப் பண்பிலும் சராசரியையே எட்டும் தொடர்வரிசை, சமவாய்ப்பின் விளைவாக அன்றித் திட்டமிட்ட ஒழுங்கின் விளைவாகவே தோன்ற இயலும். ஆகவே கோலம்பின் எடுகோள்கள் சமவாய்ப்பை வரையறுக்கவில்லை. முதனிலைக் கோவை ஈனும் தொடர்வரிசையின் பண்புகளை எடுத்து, அவற்றைச் சமவாய்ப்பின் அளவுகோலாக நிறுத்துகின்றன. தேர்வு எழுதியவரின் விடைத்தாளைக் கொண்டே வினாத்தாளை அமைத்தது போன்ற நிலை இது.

நேர்மையான மதிப்பீட்டில் ஆசிரியர் பக்கத்து நியாயமும் கூறப்பட வேண்டும். கோலம்ப் ‘சமவாய்ப்பு இயல்புகள்’ என்றே பேசுகிறார். தொடர்வரிசை சமவாய்ப்பானது எனக் கூறவில்லை. தொலைவு அளத்தலுக்கும் ஒத்திசைவுக்கும் அவ்வியல்புகளே தேவையானவை. உண்மைச் சமவாய்ப்பின் தடுமாற்றம் அங்கு இடையூறாகும். எனினும் ‘எடுகோள்’ என்னும் கனமான சொல், பட்டியலுக்கு வரையறையின் அதிகாரத்தை வழங்கிவிடுகிறது. பின்வந்த பாடநூல்கள் ‘இயல்புகள்’ என்னும் கட்டுப்பாட்டுச் சொல்லை நழுவவிட்டு ‘சமவாய்ப்பு’ என்பதை மட்டும் பற்றிக்கொள்வதற்கு இச்சொல்லாட்சியே வழிவகுத்தது எனலாம். நூல் வெளிவருவதற்கு இரண்டாண்டு முன், 1965இல், கொல்மகோரவ் சமவாய்ப்பை வேறொரு நோக்கில் அணுகினார். ஒரு தொடர்வரிசையை அதனினும் குறுகிய விவரிப்பால் ஈன இயலாதெனில் அதுவே சமவாய்ப்பானது என்பது அந்நோக்கின் சாரம். அவ்வளவுகோலின்படி, முதனிலைக் கோவைத் தொடர்வரிசை சமவாய்ப்பிலிருந்து மிகவும் விலகி நிற்பது. இருநூறு கோடிக்கு மேற்பட்ட இலக்கங்களை 31 அறைகளும் ஒரு கோவையும் விவரித்துவிடுகின்றன.

சிறப்புக்கும் பலவீனத்துக்கும் ஒரே வேர்

மூன்றாம் எடுகோள் ஏன் நிறைவேறுகிறது என்பதை ஆராய்ந்தால் மேலும் ஓர் உண்மை புலப்படுகிறது. முதனிலைக் கோவைத் தொடர்வரிசையை அதன் நகர்த்தப்பட்ட வடிவத்தோடு இலக்கம் இலக்கமாகக் கூட்டினால் அதே தொடர்வரிசையின் மற்றொரு நகர்வே கிடைக்கிறது. 0111010 என்பதை ஓரிடம் நகர்ந்த 1110100 உடன் கூட்டினால் 1001110 வருகிறது. அது முதல் தொடர்வரிசையை ஐந்திடம் நகர்த்திய வடிவமாகும். கூட்டுத்தொகையில் 1 வரும் இடங்களே பொருந்தாத இடங்கள். கூட்டுத்தொகையும் அதே தொடர்வரிசையாகையால் அதில் 1கள் நான்கு, 0கள் மூன்று. எனவே பொருத்தம் மூன்றாகவும் பொருந்தாமை நான்காகவும் எந்நகர்விலும் மாறாது நிற்கின்றன.

இந்தக் கூட்டற்பண்பே தொடர்வரிசையின் ஒழுங்கை அம்பலப்படுத்தவும் செய்கிறது. இரண்டு நகர்வுகளின் கூட்டு மூன்றாவது நகர்வு என்றால், குறிப்பிட்ட மூன்று இடங்களின் இலக்கங்களைக் கூட்டினால் எப்போதும் சுழியே வரும். சமவாய்ப்பான தொடர்வரிசையில் அது ஏறத்தாழப் பாதி முறை மட்டுமே நிகழும். இரண்டிரண்டு இடங்களை மட்டும் ஒப்பிடும் மூன்றாம் எடுகோள் இதனைக் காண்பதில்லை. மும்மூன்றாக ஒப்பிட்ட உடனே சமவாய்ப்பின் தோற்றம் கலைந்துவிடுகிறது. எடுகோளை நிறைவு செய்யும் பண்பும் சமவாய்ப்பை மறுக்கும் பண்பும் ஒன்றே என்பதை நூல் போதிய அழுத்தத்துடன் வாசகர் முன் வைத்திருக்க வேண்டும்.

இதன் நடைமுறை விளைவு பெரிது. ந அறைகள் கொண்ட பதிவகத்தின் கோவையைக் கண்டறிய அடுத்தடுத்த 2ந இலக்கங்கள் போதும். 0, 1, 1, 1, 0, 1 என்னும் ஆறு இலக்கங்கள் மட்டும் கிடைத்தன எனக் கொள்ளலாம். ஓரிடம், ஈரிடம், மூவிடம் முந்திய இலக்கங்களின் கெழுக்களை முறையே க, ங, ச எனக் குறித்தால், நான்காம் இலக்கம் க+ங=1 என்பதையும், ஐந்தாம் இலக்கம் க+ங+ச=0 என்பதையும், ஆறாம் இலக்கம் ங+ச=1 என்பதையும் தருகின்றன. முதலிரண்டிலிருந்து ச=1; பின்னர் ங=0, க=1. ய³+ய²+1 என்னும் கோவை வெளிப்பட்டுவிட்டது. அறைகளின் எண்ணிக்கை தெரியாத நிலையிலும் இதனை விரைவாகச் செய்து முடிக்கும் வழிமுறையை, பெர்லகாம்ப் கண்ட வழிமுறையின் மீது அமைத்து, ஜேம்ஸ் மேசி 1969இல் வெளியிட்டார். 31 அறைப் பதிவகத்தின் 62 இலக்கங்களைக் கண்டவர் எஞ்சிய இருநூறு கோடி இலக்கங்களையும் எழுதிவிட முடியும். சுழற்சியின் நீளம் மறைபொருளைக் காக்கும் என்னும் நம்பிக்கை இதனால் தகர்கிறது.

இந்நிலையில் 2017ஆம் ஆண்டுப் பதிப்பின் துணைத்தலைப்பு பாதுகாப்பான குறியீட்டுப் பிறப்பிகளை முதலிடத்தில் வைத்து அறிவிப்பது வியப்பளிக்கிறது. நேரியல் பதிவகத்தைத் தனித்துப் பாதுகாப்புக் கருவியாகக் கொள்ளலாகாது என்பது அதற்கு ஏறத்தாழ அரைநூற்றாண்டுக்கு முன்பே தெளிவாகிவிட்டது. ஜி.எஸ்.எம். கைப்பேசி உரையாடலை மறைக்கப் பயன்பட்ட ஏ5/1 முறையில் 19, 22, 23 அறைகள் கொண்ட மூன்று பதிவகங்கள் உள்ளன. அவற்றின் கோவைகள் முதனிலைக் கோவைகளே. ஆயினும் பாதுகாப்பு அக்கோவைகளிடமிருந்து எதிர்பார்க்கப்படவில்லை. பெரும்பான்மை விதியால் பதிவகங்கள் சில வேளை நகர்ந்தும் சில வேளை நின்றும் இயங்கும் ஒழுங்கின்மையே அங்கு நம்பப்பட்டது. மொத்தம் 64 அறைகளே என்பதால் அதுவும் நிலைக்கவில்லை. பிர்யுகோவ், ஷமிர், வாக்னர் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் அதனைத் தனிக்கணினியால் உடைக்கும் வழியை வெளியிட்டனர்.

தனித்தொடரும் குடும்பமும்

எடுகோள்களின் மற்றொரு வரம்பு, அவை ஒரு தொடர்வரிசையைத் தன்னோடு மட்டுமே ஒப்பிடுகின்றன என்பதாகும். நடைமுறையோ பல தொடர்வரிசைகள் ஒரே வேளையில் ஒலிக்கும் சூழலைக் கொண்டது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பொதுப் பயன்பாட்டுக்குரிய குறியீட்டை ஒரே அலைவெண்ணில் அனுப்புகின்றன. எந்தக் குறியீடு எந்தச் செயற்கைக்கோளுடையது எனப் பெறுவான் பிரித்தறிய வேண்டும். பத்தாம்படி முதனிலைக் கோவைகள் அறுபதே. அவற்றின் தொடர்வரிசைகள் ஒன்றோடொன்று கொள்ளும் குறுக்கு ஒட்டுறவு எப்போதும் சிறியதாக இருப்பதில்லை.

இதற்குத் தீர்வைக் கோலம்பின் நூல் வெளிவந்த அதே 1967இல் ராபர்ட் கோல்டு வெளியிட்டார். தக்கவாறு தெரிந்தெடுத்த இரு முதனிலைக் கோவைகளின் தொடர்வரிசைகளை வெவ்வேறு நகர்வுகளில் கூட்டினால் ஒரு பெருங்குடும்பம் உருவாகிறது. ஜி.பி.எஸ்.ஸின் 1023 இலக்கக் குறியீடுகள் ய¹⁰+ய³+1, ய¹⁰+ய⁹+ய⁸+ய⁶+ய³+ய²+1 ஆகிய இரண்டிலிருந்தும் இவ்வாறு பிறப்பவை. ஒவ்வொரு மில்லிநொடியிலும் ஒருமுறை அவை மீள்கின்றன. இக்குடும்பத்தில் குறுக்கு ஒட்டுறவு −65, −1, 63 என்னும் மூன்று மதிப்புகளுக்குள் அடங்குகிறது. அதற்கு ஈடாகத் தன்னொட்டுறவின் நிறைவு கைவிடப்படுகிறது. அதுவும் அம்மூன்று மதிப்புகளைப் பெறுகிறது. அதாவது, முதனிலைக் கோவைகளின் மிகப் பரவலான பயன்பாடுகளுள் ஒன்று கோலம்பின் மூன்றாம் எடுகோளை வேண்டுமென்றே மீறுவதால் சாத்தியமாகியுள்ளது. எடுகோள்களை இறுதி இலக்காகக் கற்பிக்கும் வகுப்பறையில் இச்செய்தி இடம்பெற வேண்டும்.

முதனிலைமை தேவைப்படும் இடமும் தேவைப்படாத இடமும்

நூலின் புகழால் ‘கோவை முதனிலையாக இருப்பதே எங்கும் சிறப்பு’ என்னும் எண்ணம் பரவலாகியுள்ளது. இரு சான்றுகள் இதனை மறுக்கின்றன. 2001இல் அமெரிக்க அரசுத் தரமாக ஏற்கப்பட்ட ஏ.இ.எஸ். மறையாக்க முறை ய⁸+ய⁴+ய³+ய+1 என்னும் கோவையின் மீது தன் 256 உறுப்புக் களத்தை அமைக்கிறது. இது பகாக் கோவை; ஆனால் முதனிலைக் கோவையன்று. இதில் ‘ய’யின் அடுக்குகள் 51 படிகளிலேயே 1க்குத் திரும்பிவிடுகின்றன, 255 உறுப்புகளையும் பிறப்பிக்க ய+1ஐ நாட வேண்டும். களத்தை அமைக்கப் பகாமை மட்டுமே போதும் என்பதால் இது குறையாகாது. கியூ.ஆர். குறியீட்டின் பிழைதிருத்தமோ ய⁸+ய⁴+ய³+ய²+1 என்னும் முதனிலைக் கோவையைக் கொண்டது. அங்கு ‘ய’யின் அடுக்குகளே உறுப்புகளின் முகவரியாகப் பயன்படுவதால் முதனிலைமை கணக்கீட்டை எளிமையாக்குகிறது.

பிழையறி குறியீடுகளில் நிலை இன்னும் நுட்பமானது. பரவலாக வழங்கும் பதினாறாம்படிக் கோவையாகிய ய¹⁶+ய¹²+ய⁵+1 பகாக் கோவையும் அன்று. இரட்டைப்படை எண்ணிக்கையில் உறுப்புகள் உள்ளமையால் ய+1 அதனை வகுக்கிறது. அக்காரணி ஒற்றைப்படை எண்ணிக்கையிலான எல்லாப் பிழைகளையும் பிடிக்கிறது. எஞ்சிய பதினைந்தாம்படி முதனிலைக் காரணி 32767 இலக்க நீளம் வரை இரட்டைப் பிழைகளைப் பிடிக்கிறது. முதனிலைக் கோவை இங்குத் தனித்து நில்லாது, காரணியாக நின்றே பயன் தருகிறது.

பொறியாளரின் விருப்பத்தை இயற்கணிதம் மறுக்கும் இடங்களும் உண்டு. மூன்றே உறுப்புகள் கொண்ட கோவை சுற்றின் செலவைக் குறைக்கும். ஆனால் படி எட்டின் மடங்காக இருக்கும்போது மூவுறுப்புப் பகாக் கோவை எதுவும் இல்லை என்பது ரிச்சர்டு ஸ்வான் 1962இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பெறப்படுகிறது. கணினியின் 8, 16, 32 இலக்க அறைகளுக்கு ஐந்து உறுப்புகளையேனும் நாட வேண்டியிருப்பதன் காரணம் இதுவே. மிகப் பெரிய படிகளில் முதனிலைமையைச் சோதிக்க, 2இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த எண்ணின் காரணிகள் தெரிந்திருக்க வேண்டும். அவ்வெண் பகா எண்ணாயின் பகாமையே முதனிலைமையாகும். மெர்சென் ட்விஸ்டர் என்னும் சமவாய்ப்பெண் பிறப்பி 19937 என்னும் படியைத் தேர்ந்தது இதன் பொருட்டே.

கவனம் பெறாத மூன்றாம் பகுதி

நூலின் குறைகளாக மேலே சுட்டியவற்றுக்கான விடையின் தொடக்கம் நூலுக்குள்ளேயே இருக்கிறது என்பது வியப்புக்குரியது. மூன்றாம் பகுதி, கூட்டலோடு பெருக்கலையும் ஏற்கும் நேரியலற்ற பதிவகங்களை ஆராய்கிறது. சுழிநிலையையும் உள்ளடக்கி எல்லா நிலைகளையும் ஒரே சுழற்சியில் தொடும் தொடர்வரிசைகள் அங்கு இடம்பெறுகின்றன. முன்னர்க் கண்ட ஏழிலக்கத்தில் இரண்டு சுழிகள் அடுத்தடுத்து வரும் இடத்தில் மேலும் ஒரு சுழியைச் செருகினால் தேமாங்காயும் இடம்பெற்று எட்டுச் சீர்களும் நிறைவுபெறும். வடமொழி யாப்பில் எட்டுக் கணங்களை நினைவிற்கொள்ள வழங்கும் பத்தெழுத்து வாய்பாடு இத்தகைய எட்டிலக்கச் சுழற்சியையே தன்னுள் கொண்டிருப்பது அறிஞர்களால் சுட்டப்பட்டுள்ளது. அது நினைவுக்கலையின் நுட்பத்திற்குச் சான்று. களக்கோட்பாட்டு அறிவுக்குச் சான்றாக அதனைக் கொள்ளுதல் பொருந்தாது.

இத்தொடர்வரிசைகளின் எண்ணிக்கையைப் ஃப்ளை சான்-மாரி 1894இலும் டி பிராய்ன் 1946இலும் கண்டனர். மூன்று அறைகளுக்கு 2, நான்குக்கு 16, ஐந்துக்கு 2048, ஆறுக்கு 67108864 என அது பெருகுகிறது. அதே அறைகளுக்கு முதனிலைக் கோவைகளோ முறையே 2, 2, 6, 6 மட்டுமே. பத்து அறைகளில் 60க்கு எதிராக 2⁵⁰² நிற்கிறது. நேரியல் தொடர்வரிசைகள் பெருங்கடலின் ஒரு சிறுதுளி என்பதை இந்த ஒப்பீடு உணர்த்துகிறது. அத்துளி முழுவதும் விளக்கப்பட்டுவிட்டது. கடல் பெரிதும் அறியப்படாமலே உள்ளது. ஒரு பதிவகம் தரத்தக்க சுழற்சிகளின் மிகப்பெரிய எண்ணிக்கை குறித்துக் கோலம்ப் முன்வைத்த ஊகம் 1972இல் மைக்கல்ட்வைட்டால் நிறுவப்பட்டது. ஒரு நூல் பின்வந்தோர்க்கு விட்டுச்சென்ற பணிக்கு இது சான்றாகும். விடைகள் நிறைந்த இரண்டாம் பகுதி மேற்கோளாகப் பயன்பட்டது. வினாக்கள் நிறைந்த மூன்றாம் பகுதியே ஆய்வுக்கு உணவளித்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின் வழிப் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவதாக, கோலம்பின் மூன்று எடுகோள்களைச் சமவாய்ப்பின் வரையறையாகக் கற்பித்தல் கூடாது. முதனிலைக் கோவைத் தொடர்வரிசையின் பண்புப் பட்டியலாகவே கற்பிக்க வேண்டும். இரண்டாவதாக, இரட்டை ஒப்பீட்டில் அத்தொடர்வரிசைக்கு நிறைவைத் தரும் கூட்டற்பண்பே மும்மை ஒப்பீட்டில் அதன் விதியை வெளிப்படுத்துகிறது. அளத்தலுக்கு ஏற்ற கருவி மறைத்தலுக்கு ஏற்றதாகாமைக்குக் காரணம் இதுவே. மூன்றாவதாக, முதனிலைமை எங்கும் வேண்டப்படும் தகுதியன்று. களத்தை அமைக்கப் பகாமை போதும், பிழையறிதலில் காரணியாக அமைந்தால் போதும். நான்காவதாக, தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் ‘பிரிமிட்டிவ்’ என்பதன் இரு பொருள்களுக்கும் தனித்தனிச் சொற்கள் வேண்டும்.

இம்மறுப்புகள் நூலின் பெருமையைக் குறைப்பன அல்ல. எண்கோட்பாட்டின் தூய பகுதியாகக் கருதப்பட்ட ஒன்றை அறைகளும் கம்பிகளும் கொண்ட சுற்றில் கண்டு காட்டிய நூல் இது. அதனை முதற்பகுதியிலிருந்து இரண்டாம் பகுதியோடு நிறுத்திவிடாமல் மூன்றாம் பகுதி வரை படிக்கும் வாசகர், எடுகோள்கள் மறைத்ததை ஆசிரியரின் வினாக்களே வெளிக்கொணர்வதைக் காண்பர்.